எழுத்துப் பிழை என்னும் பொய்யுவமை

தமிழில் அறிவியலைத் தொட்டுச்செல்லும் இலக்கியக் கட்டுரைகளுக்கென்று ஒரு சடங்கு உருவாகிவிட்டது. டிஎன்ஏ நான்கே எழுத்துக்களால் ஆன பெருங்காவியம் என்று முதல் பத்தியில் சொல்லப்படும். மனித உடல் அக்காவியத்தின் பிரதி என்று இரண்டாம் பத்தியில் அறிவிக்கப்படும். பிறகு, அத்தனை கோடி எழுத்துக்களில் ஒரே ஓர் எழுத்து பிழையாகிப்போனதால் ஒரு குழந்தையின் வாழ்வே சிதைந்துபோவதைக் காட்டி, எழுத்தின் வல்லமையை எண்ணிக் கட்டுரையாளர் மெய்சிலிர்ப்பார். உதாரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அரிவாள் செல் சோகை. அமைப்பியலும் பின்நவீனத்துவமும் இங்கே வந்திறங்கிய நாட்களில், உலகில் உள்ள அனைத்தையும் பிரதியாக வாசிக்கப் பழகினோம். அந்தப் பழக்கத்தின் எச்சம் இது என்று நினைத்து நானும் பலமுறை புன்னகையுடன் கடந்து சென்றிருக்கிறேன்.

அண்மையில் நெடுநாட்களாக நான் வாசித்துவரும் ஒரு சிற்றிதழில் வந்த கட்டுரை அவ்வாறு கடந்துபோக விடவில்லை. மலைக்கிராமத்துச் சிறுமி ஒருத்தியின் நோயைப் பற்றி அதை எழுதியவர், அவளை 'அச்சுப் பிழையுடன் வெளிவந்த புத்தகம்' என்ற பொருள்பட வருணித்திருந்தார். எழுதியவரின் கருணையில் எனக்கு ஐயமில்லை. அந்த வரியைப் படித்துக் கண் கலங்கியவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்த உவமை அறிவியல்ரீதியாகத் தவறானது, இலக்கியரீதியாகச் சோம்பேறித்தனமானது, அந்தச் சிறுமியின் சமூகத்துக்குத் தீங்கானது. மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுவ முயல்கிறேன். கொஞ்சம் வேதியியல் தவிர்க்க முடியாதது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

*

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவிலிருந்து வந்திருந்த ஒரு பல் மருத்துவ மாணவரின் ரத்தத்தில் அரிவாள்போல வளைந்த சிவப்பணுக்களைக் கண்டதாக எழுதினார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதைக் காட்டி, இதை 'மூலக்கூறு நோய்' என்று பெயரிட்டனர். ஒரு நோயின் வேர் ஒரே ஒரு புரதத்தில் இருக்கிறது என்று காட்டப்பட்டது அதுவே முதல்முறை. 1956, 1957ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிரம், அந்தப் புரதத்தை டிரிப்சின் நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி வடிதாளில் பரவவிட்டார். ஏறத்தாழ முப்பது புள்ளிகளில் ஒன்றே ஒன்று இடம் மாறியிருந்தது. அந்தத் துண்டை மேலும் பிரித்துப் பார்த்தபோது ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பது தெரிந்தது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்கவேண்டியதற்கு வாலைன் இருந்தது. மரபணுவில் ஜிஏஜி என்று இருப்பது ஜிடிஜி ஆனதன் விளைவு அது.

இதுவரை எழுத்துவாதிகளின் கதை சரியாகத்தான் போகிறது. ஓர் எழுத்து மாறியது, ஒரு சொல் மாறியது, ஒரு வாழ்க்கை மாறியது. அவர்கள் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். உயிரியல் உண்மையில் தொடங்குவது இங்கேதான். அவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: அந்த மாற்றத்தால் புரதத்தின் வடிவத்துக்கு என்ன ஆயிற்று?

ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை என்பதே விடை. நோயாளியின் ஹீமோகுளோபின் ஒழுங்காக மடிகிறது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகளும் வழக்கம்போல ஒன்றுசேர்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு திசுக்களில் விடுகிறது. தனியாக ஒரு மூலக்கூறை எடுத்துப் பார்த்தால் அது தன் வேலையைச் செய்யும் நல்ல ஹீமோகுளோபின். ஆறாம் இடம் மூலக்கூறின் வெளிப்பரப்பில் இருக்கிறது. அங்கே முன்பிருந்த குளூட்டமிக் அமிலம் எதிர்மின்னேற்றம் கொண்டது, நீரை விரும்புவது. வந்து அமர்ந்த வாலைன் எண்ணெய்த்தன்மை கொண்டது, நீரிலிருந்து ஒதுங்க விரும்புவது. அது ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டதும் அதன் உருவம் சற்றே மாறும். அப்போது பீட்டா சங்கிலியில் 85ஆம் இடத்து ஃபினைல்அலனினுக்கும் 88ஆம் இடத்து லியூசினுக்கும் அருகே எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு குழிவு கிடைக்கிறது. ஒரு மூலக்கூறின் வாலைன் அடுத்த மூலக்கூறின் குழிவில் போய்ப் பொருந்துகிறது. இப்படியே ஒன்றோடொன்று சேர்ந்து பதினான்கு இழைகள் கொண்ட கயிறாகத் திரண்டு, சிவப்பணுவை உள்ளிருந்து நெம்பி வளைக்கிறது. நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் கிடைத்ததும் கயிறு கரைந்துவிடுகிறது. மீண்டும் மீண்டும் இப்படி வளைந்து நிமிரும் அணு, சவ்வு சிதைந்து, ஒருநாள் நிமிர மறுக்கிறது.

இங்கே பிழை எங்கே இருக்கிறது? மூலக்கூறுக்குள் இல்லை. இரண்டு மூலக்கூறுகள் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அதுவும் எல்லா நேரமும் இல்லை. ஆக்சிஜன் குறைந்த நேரத்தில், செறிவு மிகுந்த கூட்டத்தில் மட்டும். அணுவுக்குள் நீர் குறைந்து செறிவு சற்றே ஏறினாலும் கயிறு திரளத் தேவையான நேரம் பலமடங்கு சுருங்கிவிடும். குளிரும் நீரிழப்பும் காய்ச்சலும் இந்நோயாளிகளுக்கு ஏன் ஆபத்தானவை என்பதற்கான விளக்கம் அதில் இருக்கிறது. அச்சுப் பிழை அப்படி நடந்துகொள்வதில்லை. புத்தக அலமாரியில் வெயில் பட்டால் மட்டும் தோன்றி, நிழலில் மறையும் அச்சுப் பிழையை யாரேனும் கண்டதுண்டா?

*

அடுத்த கேள்வி: ஆறாம் இடம் அத்தனை புனிதமானதா? இல்லை. 1958இல் ஹன்ட்டும் இங்கிரமும் ஹீமோகுளோபின் சி என்ற இன்னொரு வகையை ஆராய்ந்தனர். அதே சங்கிலி, அதே ஆறாம் இடம். அங்கே குளூட்டமிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின். எதிர்மின்னேற்றம் போய் நேர்மின்னேற்றம் வந்திருக்கிறது. வேதியியல் கணக்கில் இது வாலைனைவிடப் பெரிய மாற்றம். எழுத்துவாதத்தின்படி இது இன்னும் கொடிய நோயைத் தந்திருக்கவேண்டும். நடப்பது வேறு. இரண்டு பிரதிகளும் இந்த வகையாகவே அமைந்தவர்களுக்கு வருவது பெரும்பாலும் மிதமான சோகைதான். லைசின் அந்தக் குழிவில் போய் அமர்வதில்லை, கயிறு திரள்வதில்லை. ஆனால் ஒருவரிடம் ஒரு பங்கு சி வகையும் மறுபங்கு அரிவாள் வகையும் சேர்ந்துவிட்டால் கவனிக்கவேண்டிய நோய் மீண்டும் வந்துவிடுகிறது. ஆக, மாற்றத்தின் அளவு எதையும் தீர்மானிக்கவில்லை. மாறியது எங்கே, வந்தது யார், பக்கத்தில் இருப்பது யார் என்ற மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணத்தைத் தருகிறேன். அது நம் ஊரோடு தொடர்புடையது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று காட்டினார்கள். நம் எலும்புக்கும் தோலுக்கும் தசைநாருக்கும் உறுதி தருவது கொலாஜன். அதன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இருக்கையிலும் கிளைசின் இருந்தாகவேண்டும். காரணம் எளியது. மூன்று இழைகளும் நெருங்கும் மையத்தில் இடமே இல்லை. அமினோ அமிலங்களிலேயே பக்கக்கிளையாக ஒற்றை ஹைட்ரஜன் மட்டும் உடையது கிளைசின். அது மட்டுமே அங்கே ஒடுங்கும். அந்த இருக்கையில் செரினோ சிஸ்டீனோ அர்ஜினினோ வந்து அமர்ந்தால் முறுக்கு தடைபடுகிறது, இழை சீர்குலைகிறது. சிறிய தட்டலில் எலும்பு முறியும் நோய் அதனால் பிறக்கிறது. சில இடங்களில் அந்த மாற்றம் பிறக்கும்முன்னரே உயிரைப் பறிக்கும். வேறு சில இடங்களில் மிதமாக முடியும். அடுத்துள்ள இரண்டு இருக்கைகளிலோ பல அமினோ அமிலங்கள் இடம்பெறுகின்றன. அங்கே நிகழும் மாற்றங்களைக் கொலாஜன் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது.

இதில் எழுத்துவாதிகள் அவசியம் யோசிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. முதலாம் வகைக் கொலாஜனின் ஒரு மரபணுப் பிரதி முற்றாகச் செயலிழந்து, பாதியளவு கொலாஜனே உருவாகும் மனிதர்கள் உண்டு. அவர்களுக்கு வருவது பொதுவாக இந்நோயின் இலேசான வடிவம். ஒரே ஒரு கிளைசின் மாறி, முழு அளவில் கொலாஜன் உருவாகும் மனிதர்களுக்கோ பல சமயம் மிகக் கடுமையான வடிவம் வருகிறது. கோணலான ஓர் இழை, தன்னோடு முறுக்கிக்கொண்ட நல்ல இழைகளையும் கெடுத்துவிடுவதே காரணம். ஓர் எழுத்து பிழையான புத்தகத்தைவிடப் பாதிப் பக்கங்கள் கிழிந்துபோன புத்தகம் மேலானது என்று எந்த வாசகராவது சொல்வாரா? புரத உலகில் அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. பிரதி என்ற உவமை இங்கே முற்றாக முறிந்துவிடுகிறது.

அதே ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்கும் முதல் உரைகல். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இருபுறமும் உள்ள பிணைப்புகள் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதை அது காட்டுகிறது. கிளைசினுக்கு அந்தப் படத்தில் பரந்த வெளி. புரோலைனுக்கோ ஒடுங்கிய சந்து. புரதத்தின் எழுத்துக்கள் என்று நீங்கள் சொல்பவற்றுக்கு உடல் இருக்கிறது என்பதே அந்த வரைபடத்தின் சாரம். அவற்றுக்குப் பருமன் உண்டு, மின்னேற்றம் உண்டு, திரும்பமுடியாத மூலைகள் உண்டு. தாளில் அச்சான 'க' பக்கத்தில் இருக்கும் 'ச'வை இடித்துத் தள்ளுவதில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சென்னையில் இருந்து உலகுக்குச் சொல்லப்பட்ட உண்மையைச் சென்னையில் அச்சாகும் இதழ்களே மறப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

*

'ஓர் எழுத்து மாறினால் எல்லாம் சிதையும்' என்ற அச்சமும் பொய். 1991இல் டி4 என்ற பாக்டீரிய நச்சுயிரியின் லைசோசைம் நொதியில், ஏறத்தாழ எல்லா இடங்களிலும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மொத்தம் 2015 மாற்றங்கள். அவற்றில் நொதியின் வேலையைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கெடுத்தவை 328 மட்டுமே. அதாவது ஆறில் ஒரு பங்கு. பாதிக்கும் மேற்பட்ட இடங்கள், அங்கே சோதித்த எல்லா மாற்றங்களையும் தாங்கிக்கொண்டன. அந்தச் சோதனை சற்றே இளகியது, நொதியின் திறன் ஓரளவு குறைந்தாலும் தேர்ச்சி கொடுத்துவிடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். மனிதப் புரதங்களில் நிகழக்கூடிய 7 கோடியே 10 லட்சம் ஒற்றை மாற்றங்களை 2023இல் ஆல்ஃபாமிஸ்சென்ஸ் என்ற கணினி மாதிரி வகைப்படுத்தியது. 57 சதவீதம் தீங்கற்றவையாக இருக்கலாம், 32 சதவீதம் தீங்கானவையாக இருக்கலாம், எஞ்சியவை பற்றி உறுதியில்லை என்றது. அது கணிப்பு மட்டுமே. ஆனால் திசை தெளிவாகவே இருக்கிறது.

இன்னும் வியப்பான ஒன்று. அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சைக் கீறிப் பார்த்தவர்கள் உள்ளே இளஞ்சிவப்பைக் கண்டிருப்பார்கள். அது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தப் புரதத்தின் தூரத்து உறவு. அமினோ அமில வரிசையில் இரண்டுக்கும் இடையே ஒற்றுமை ஐந்தில் ஒரு பங்குகூட இராது. மடிப்பின் வடிவம் மட்டும் அதே வடிவம். ஐந்தில் நான்கு எழுத்துக்களை மாற்றிய பிறகும் அதே கவிதை என்று அடையாளம் காணத்தக்க கவிதை எந்த மொழியிலும் கிடையாது. ஓர் இடத்தில் ஒற்றை மாற்றம் உயிரைக் குடிக்கிறது. மற்றொரு பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட மாற்றங்களுக்குப் பிறகும் வடிவம் அசையாமல் நிற்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர விளக்காத உவமை எதையும் விளக்கவில்லை.

*

மறுதரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். 'உவமையை உவமையாகப் பாருங்கள். அறிவியலாளர்களே குறியீடு, படியெடுத்தல், மொழிபெயர்ப்பு என்றெல்லாம் சொல்கிறார்களே. எங்களை மட்டும் ஏன் குறைசொல்கிறீர்கள்?' நியாயமான கேள்வி. ஆனால் ஆய்வகத்தில் 'படியெடுத்தல்' என்று சொல்பவர் மனத்தில் எந்த எழுத்தரும் தோன்றுவதில்லை. அந்த உவமை அங்கே செத்துக் கலைச்சொல்லாகிவிட்டது. இலக்கியவாதியின் கையில் அது உயிரோடு இருக்கிறது. உயிருள்ள உவமை தனியாக வராது. தன் குடும்பத்தையே அழைத்துவரும். 'பிழை' என்று சொன்னதும் பிழையற்ற மூலம் ஒன்று இருப்பதாக ஆகிறது. மூலத்துக்கு ஓர் ஆசிரியர், பிழைக்கு ஒரு குற்றவாளி, திருத்துவதற்கு ஒரு மெய்ப்புப் பார்ப்பவர் என்று எல்லோரும் வந்துசேர்கிறார்கள். ஆசிரியனின் மரணத்தை அறிவித்தவர்களே உயிரணுவுக்குள் அவனை மீண்டும் அரியணையில் ஏற்றுவது வேடிக்கைதான்.

எது மூலம்? 1954இல் ஆன்டனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்ந்து காட்டியது இதற்கு விடை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்கள் கடும் மலேரியாவிலிருந்து பெருமளவு காக்கப்படுகிறார்கள். அவர்களுடைய அணுக்களில் வழக்கமான ஹீமோகுளோபினும் கலந்திருப்பதால் சாதாரண வாழ்வில் கயிறு திரள்வதில்லை. அவர்கள் நோயாளிகள் அல்லர். மலேரியா நிலங்களில் அந்த வாலைன் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால்தான் அது நிலைத்தது. கொசு இல்லாத ஊரில் இருந்துகொண்டு அதைப் பிழை என்பவர், தம் ஊரின் தட்பவெப்பத்தை உலகத்தின் இலக்கணமாக நினைக்கிறார்.

*

இனி தீங்கு. லைனஸ் பாலிங் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் வேதியியலாளர்களில் ஒருவர். அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றவர். அதே பாலிங் 1968இல், இந்த மரபணுவைச் சுமக்கும் இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்தவேண்டும், அப்போதுதான் சுமப்பவர்கள் இருவர் ஒருவரையொருவர் காதலிக்காமல் தவிர்ப்பார்கள் என்று எழுதினார். துன்பத்தைக் குறைக்கும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார். எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல, கறுப்பின மக்களைக் குறிவைத்துக் கட்டாயப் பரிசோதனைச் சட்டங்களைக் கொண்டுவந்தன. சுமப்பவருக்கும் நோயாளிக்கும் உள்ள வேறுபாடு பல இடங்களில் மறக்கப்பட்டது. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை சுமப்பவர்களைச் சேர்க்க மறுத்தது. மூலக்கூறில் கண்ட மாற்றத்தை மனிதன்மீது குத்தப்பட்ட முத்திரையாக்க ஒரே ஒரு சொல் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இது தொலைதூரத்துக் கதை அல்ல. இந்தியாவில் இந்த மரபணு இருப்பது 1952இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்களிடம். லேமன், கட்புஷ் என்ற இருவர் அதை எழுதினார்கள். 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. இலக்கு ஆண்டு 2047. பதினேழு மாநிலங்களில் 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, மரபணு நிலை அட்டை வழங்குவது திட்டம். தமிழகமும் அதில் உண்டு. பரிசோதனை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிறந்ததும் கண்டறிந்தால் பென்சிலினும் தடுப்பூசிகளும் பிஞ்சு உயிர்களைக் காக்கும். ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலியின் நாட்களைக் குறைக்கும். அட்டை என்பது ஒரு தகவல். ஆனால் அந்தத் தகவல் எந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு ஒரு சிற்றூருக்குள் நுழைகிறது என்பது முக்கியம். சில நூறு குடும்பங்களே உள்ள மலைச் சமூகம் ஒன்றில், பெண் பார்க்க வருபவர்கள் அட்டையைக் கேட்கும் நாளில், 'இவள் சுமப்பவள், நோயாளி அல்லள்' என்ற வாக்கியம் அங்கே இருக்குமா, 'இவள் ரத்தத்தில் பிழை' என்ற வாக்கியம் இருக்குமா? இரண்டாவது வாக்கியத்தை அங்கே அனுப்பிவைப்பவர்கள் நாம்தான். மருத்துவர்கள் அல்லர், சொற்களை ஆள்பவர்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் நாம்.

*

எழுத்துவாதத்தின் கடைசி அரணும் 2023இல் விழுந்தது. பிழை என்றால் மருந்து பிழைதிருத்தமாகத்தானே இருக்கவேண்டும்? அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்கெவி, கிறிஸ்பர் தொழில்நுட்பத்தால் உருவான முதல் சிகிச்சை. அது அந்த ஜிடிஜியைத் தொடுவதே இல்லை. வாலைன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கருவில் இருக்கும்போது நம்மிடம் வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அது உறங்கிவிடும். அதை உறங்கவைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் தூண்டுபகுதியை ரத்தக் குருத்தணுக்களில் வெட்டி, கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் எழுப்புகிறார்கள். அது கூட்டத்தில் புகுந்ததும் கயிறு திரள்வது தடைபடுகிறது. இந்த நோய் உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு ஏன் முதல் மாதங்களில் தொந்தரவு இல்லை என்று 1948இல் ஜேனட் வாட்சன் கவனித்ததன் தொடர்ச்சி இது. ஹைட்ராக்சியூரியாவும் தன் முரட்டு வழியில் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டியே உதவுகிறது. எழுத்தையே மாற்றும் முயற்சிகளும் ஆய்வில் இருக்கின்றன, அவை வெல்லட்டும். ஆனால் முதலில் வென்ற வழி எழுத்தைத் திருத்தவில்லை, அக்கம்பக்கத்தைத் திருத்தியது. அமெரிக்காவில் அதன் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். மலைக்கிராமத்துச் சிறுமிக்கு இன்று எட்டக்கூடியது மாத்திரைதான். நம் கட்டுரைகளின் கண்ணீர் அந்த மாத்திரை தவறாமல் கிடைக்கிறதா என்ற கேள்விக்குப் பயன்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உவமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. உவமை இல்லாமல் மனிதர்களால் யோசிக்க இயலாது. ஆனால் தமிழில் எழுதுபவர் கடன் வாங்கிய அச்சுக்கூட உவமைக்கு ஏன் போகவேண்டும்? நம் இலக்கணத்தில் எழுத்துக்களின் இயலுக்குள்ளேயே புணர்ச்சி என்றொரு பகுதி இருக்கிறது. பொன்னோடு குடம் சேர்ந்தால் பொற்குடம். அதே பொன்னோடு வளையல் சேர்ந்தால் பொன்வளையல். 'ன்' மாறுவதும் மாறாததும் வருமொழியைப் பொறுத்தது. தனியே நிற்கும் பொன்னில் அந்த மாற்றத்துக்கான தடயமே இல்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று மாற்றங்களைச் சொன்ன இலக்கணம் அவற்றுக்கு இட்ட பொதுப்பெயர் விகாரம். பேச்சில் அச்சொல் அழகின்மையைக் குறித்தாலும், இலக்கணத்தில் அது வெறும் மாற்றம், பழி அல்ல. தமிழகப் பாடநூல்கள் சடுதி மாற்றம் என்று எழுதியதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் விகாரம் என்று எழுதியது தற்செயலாகவே இருக்கட்டும், அது சரியான சொல். வாலைன் செய்வது புணர்ச்சி விகாரம். நிலைமொழியில் தேடினால் அது கிடைக்காது.

இந்த உவமையும் ஓர் எல்லைக்கு மேல் உடையும். உடையும் இடத்தில் நேர்மையாக அதைக் கைவிட்டுவிடவேண்டும். ஆனால் உடையும் வரையிலாவது அது இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. பொருள் தனி எழுத்தில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. மாறியது எல்லாம் பிழையல்ல. இலக்கணம் படித்தவர்களுக்கு இவை புதிய செய்திகளா?

அந்தச் சிற்றிதழ்க் கட்டுரையின் சிறுமி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் வளர்ந்து, தமிழ் படித்து, ஒருநாள் அந்தக் கட்டுரையை வாசிக்கக்கூடும். தன்னைக் குறித்து எழுதப்பட்ட 'பிழை' என்ற சொல்லில் அவள் விரல் நிற்கும். அந்த இடத்தில் அவளுக்குப் பதில் சொல்லவேண்டியவர் மருத்துவர் அல்லர்.